தபஸ்ஸும் கல்யாணத்துக்கு ஒரு கார்டு

நந்தினி கேட்டது ஒரே ஒரு மெமரி கார்டு. வேலூர்க் கடைக்காரர் ஜெயப்பிரகாஷ் கண்ணாடி மேசைமேல் சீட்டுக்கட்டைப் பரப்புவதுபோல ஒரு வரிசையைப் பரப்பிவிட்டார். சில தபால்தலை அளவில் இருந்தன, சில சுண்டுவிரல் நகம் அளவில். ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண்ணும், வட்டத்துக்குள் இன்னோர் எண்ணும், ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆங்கில எழுத்துகளும்.

"எதுக்கும்மா? ஃபோனுக்கா, கேமராவுக்கா?"

"கேமராவுக்கு."

"இன்னா கேமரா?"

"சில்வர் கலர்."

"கலர் கேக்கலம்மா. பழசா, புதுசா?"

"மாமாவோடது. பழசுதான். ஆனா நல்லாருக்கு."

"அப்போ டூ ஜிபிக்கு மேல எடுக்குமான்னு பாக்கணுமே. கொண்டாந்திருக்கியா?"

கொண்டுவரவில்லை. "சரி, டூ ஜிபியே குடுங்க."

"அதெல்லாம் இப்போ எங்க வருது? எல்லாம் ஒரே ஓட்டைதான், போட்டுப் பாரு. ஆனா ஒண்ணு, பாக்கெட் சீலை உடைச்சிட்டா திருப்பி வாங்க மாட்டேன்."

உள்ளே போகுமா என்று தெரிய உடைக்க வேண்டும். உடைத்தால் திருப்பித் தர முடியாது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நந்தினிக்கு வேலை. அளவு என்றால் அவளுக்குத் தெரிந்தது ஷூவின் அளவுதான். சின்னது கடிக்கும், பெரியது கடிக்காது. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் உள்ளே இன்னொரு அட்டை போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். பெரியதாக வாங்கிக் கெட்டவர் யாரும் இல்லை. அறுபத்துநாலு என்று போட்டிருந்ததைக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்கவும் இல்லை. கம்பெனியில் பெட்டியை ஒட்டி ஸ்டிக்கர் போட்டுவிட்டால் அது பாஸான சரக்கு. அதற்கப்புறம் அதைத் திறக்க வாங்குகிறவனுக்கு மட்டும்தான் உரிமை. நடுவில் யாராவது திறந்தால் சூப்பர்வைசர் உயிரை எடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில், சீல் குலையாத கார்டைப் பீரோவில் புடவைக்கு நடுவே வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தாள்.

கார்டு தபஸ்ஸுமுக்காக. அதே கம்பெனியின் டிசைன் அறையில் கம்ப்யூட்டரில் ஷூ வரைகிறவள் அவள். மதியச் சாப்பாட்டில் ஒன்றாக உட்கார்ந்து, பிறகு தோஸ்தானவர்கள். போன வருஷம் அவளுடைய சித்தி மகள் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் எடுத்த படம் ஒன்று யாரோ ஒருத்தருடைய ஸ்டேட்டஸில் ஏறி, ஊர் முழுக்கச் சுற்றி, பெரிய ரகளையாகிவிட்டது. அதனால் தபஸ்ஸுமின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பெண்கள் மண்டபத்துக்குள் ஃபோன் கிடையாது. ஆண் போட்டோகிராபருக்கு அந்தப் பக்கம் எப்போதுமே வேலையில்லை. ஃபோனோடு பேசத் தெரியாத ஒரு கேமராவை ஒரு பெண் கொண்டுவந்தால் ஆட்சேபம் இல்லை. கடைசியில் கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

"நான் எடுக்கிறேன்டி," என்று கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது நந்தினி வாக்குக் கொடுத்தாள். கல்யாணம் முடிந்ததும் தபஸ்ஸும் கான்பூர் போய்விடுவாள். நந்தினி எடுத்தால்தான் அவளுக்குத் தன் கல்யாணத்தில் ஒரு படமாவது மிஞ்சும்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்தில் பெண்கள் பக்க வாசலில் கூடையில் ஃபோனைப் போட்டுவிட்டு, நந்தினி கார்டைப் பிரித்துக் கேமராவில் செருகினாள். வெண்ணெய்போல உள்ளே போனது. பட்டனை அழுத்தினாள். திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: கார்டில் பிழை.

எடுத்துத் துடைத்துப் போட்டாள். பிழை. ஊதிப் போட்டாள். பிழை. ஆண்கள் பக்கத்துப் படிக்கட்டில் நின்றிருந்த தௌசீப் அகமதுவிடம் ஓடினாள். அவன் தபஸ்ஸுமின் தம்பி.

"தௌசீப், இது மாட்டேங்குது."

"இன்னா கார்டு இது? அறுபத்திநாலா? ஐய, இந்தக் கேமரா பொறந்தப்போ அவ்ளோ பெரிய கார்டே கிடையாதுக்கா."

"பெருசுதானே? சின்னது பத்தலன்னா சரி. பெருசு ஏன்டா பத்தாது?"

"பத்தாதது இல்ல. அதுக்குப் படிக்கத் தெரியாது."

"நிறைய இடம் இருந்தா, தெரிஞ்ச அளவுக்கு எடுத்துக்கிட வேண்டியதுதானே?"

தௌசீப் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

பஜாரில் முதல் கடையில், கார்டை ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள், செய்தார்கள், ஆகவில்லை. இரண்டாவது கடையில் கார்டு நல்லதுதான், கேமராதான் போய்விட்டது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விக்கிறீங்களா? இப்போ காலேஜ் பசங்க இதுக்குத்தான் அலையுறாங்க," என்றார். மாமா நவநீதனிடம் தௌசீப்பின் ஃபோனிலிருந்து பேசினாள். "நான் போட்டிருந்தது சின்னதும்மா, எங்க தொலைஞ்சதுன்னு தெரியல. நீ பெருசாவே வாங்கு, அதான் நல்லது," என்றார் மாமா. மூன்று கடை, ஒரு மாமா, நான்கு பதில். எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள்; நந்தினிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும் வழியில் தௌசீப் திடீரென்று பிரேக் போட்டான். "அக்காவோட பாட்டுப் பொட்டி!"

தபஸ்ஸும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்திருந்த, தீப்பெட்டி அளவு மியூசிக் பிளேயர். வீட்டில் அவளுடைய பழைய பென்சில் டப்பாவில் கிடந்தது. உயிர் போய்ப் பல வருஷம். பக்கவாட்டில் நகத்தால் நெம்பியதும் நகமளவுக் கார்டு ஒன்று துள்ளி வந்தது. ஒரு ஜிபி. தௌசீப் தன் மேசையில் தேடி, சின்னக் கார்டைப் பெரிய கார்டாக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றையும் எடுத்தான். உறைக்குள் போட்டு, உறையைக் கேமராவுக்குள் போட்டார்கள். லென்ஸ் முனகிக்கொண்டு வெளியே நீண்டது. பிழை இல்லை.

நந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. அறுபத்துநாலு முடியாததை ஒன்று எப்படி முடித்தது? கேட்கவில்லை. கேட்டால் மறுபடி நான்கு பதில் வரும்.

ஆனால் திரையின் மூலையில், இன்னும் ஏழு படம்தான் எடுக்கலாம் என்றது.

"பாட்டு ரொம்பியிருக்கு," என்றான் தௌசீப். "ஃபார்மேட் குடு. மொத்தமும் காலியாயிடும்."

"என்ன பாட்டுன்னு தெரியாம எப்படி அழிக்கிறது? உன் ஃபோன்ல ஏத்திக்க முடியாதா?"

"என் ஃபோன்ல கார்டு போட இடமே இல்லக்கா. லேப்டாப் சென்னையில ரூம்ல இருக்கு. மண்டபத்துல நிக்காஹ் ஓத காஜி வந்துட்டாராம், சீக்கிரம்!"

படத்தின் அளவைக் குறைத்து வைத்தான். எண் ஏழிலிருந்து இருபதைத் தாண்டியது. அதற்குமேல் நந்தினி விடவில்லை. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள்.

தபஸ்ஸும் சிவப்புப் புடவையில், முகத்தின்மேல் மல்லிகைச் சரம் திரைபோலத் தொங்க உட்கார்ந்திருந்தாள். நந்தினி அவள் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"அதுல இன்னாடி இருந்தது?" என்றாள் தபஸ்ஸும்.

"என்னைக் கேட்டா?"

"பாட்டுதான். நான் பேசினதும் இருக்கும். ராத்திரில தனியா எதையாச்சும் பேசி வெப்பேன். இன்னா பேசினேன்னு ஞாபகமே இல்ல." பூவுக்குப் பின்னாலிருந்து அவள் நந்தினியின் கையைப் பிடித்தாள். "அழிக்காத. இருபது போதும். ஆனா யார் கூப்பிட்டாலும் எடுக்காத. நான் கண்ணைக் காட்டினா மட்டும் எடு."

பூச்சரத்துக்குள் எங்கே கண் தெரிகிறது? தலை அசைவதை வைத்து நந்தினி ஊகித்தாள். அத்தை ஒருத்தி வந்து நின்றாள், தலை அசையவில்லை, ஃபிளாஷ் சார்ஜ் ஆகிறது என்று நந்தினி சமாளித்தாள். டிசைன் அறைத் தோழிகள் வந்தார்கள், அசைந்தது. நிக்காஹுக்கு அவள் சம்மதம் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் போனதும், அம்மா மகளின் நெற்றியைத் தொட்டபோது, பலமாக அசைந்தது. அது தலையாட்டலா விம்மலா என்று தெரியாமலே நந்தினி அழுத்தினாள். ஒரு படத்துக்கு அவளையே பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள் தபஸ்ஸும். யாரோ ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

எண் பூஜ்யமானபோது கான்பூர் மாமியார் எழுந்து வந்தார். மருமகளின் தோளில் கை போட்டுக்கொண்டு, தெரியாத தமிழுக்குப் பதில் நந்தினியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். ஃபிளாஷ் சார்ஜ் ஆகிறது என்று அவரிடம் எந்தப் பாஷையில் சொல்வது?

"தபூ, காலி," என்று முணுமுணுத்தாள் நந்தினி.

"ஒண்ண அழி."

"எதை?"

"நான் அழுவுற மாதிரி ஒண்ணு இருக்குமே. அத தூக்கிடு. இவங்க அதைப் பாத்தா வேற மாதிரி நெனப்பாங்க."

நந்தினி படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். தீப்பெட்டியளவுத் திரை. எல்லாவற்றிலும் சிவப்புப் புடவை, அதன்மேல் மல்லிகை. ஒன்றில்கூட அவள் முகம் தெரியவில்லை. இதில் அழுகிறாளா, இதிலா? அம்மாவின் கை இருக்கும் படத்தில் நின்றாள். அழுதிருந்தால் இதில்தான். ஆனால் இதை எப்படி அழிப்பது? நகர்ந்தாள். தானும் அவளும் இருக்கும் படம். பூவுக்குப் பக்கத்தில் தன் முகம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது. அதிலேயே நிறுத்தினாள்.

ஒன்றை அழிப்பதா, எல்லாவற்றையுமா என்று கேமரா கேட்டது. எழுத்து எறும்பளவு. நந்தினி கண்ணைச் சுருக்கிப் பார்த்து மேலே இருந்ததை அழுத்தினாள். மூலையில், இன்னும் ஒரு படம் எடுக்கலாம் என்று வந்தது.

மாமியாரைப் படமெடுத்து முடித்ததும், தபஸ்ஸுமின் அம்மா கையை நீட்டினார். நந்தினி கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அழுததைத் தூக்கிட்டியா?" என்றாள் தபஸ்ஸும்.

"தூக்கிட்டேன்."

"நெஜமா அழுதிருந்தேனா?"

"தெரியலடி," என்றாள் நந்தினி. "பூ மறைச்சிருந்தது."