ஏறத் தகுதியானவர்

"சட்டை, பனியன் ரெண்டையும் கழட்டிட்டு மெஷின் மேல ஏறி நில்லுங்க" என்றாள் டெஸ்ட் எடுக்கும் பெண்.

தபால்காரன் ஒவ்வொரு பொத்தானாக, முடிந்தவரை மெதுவாகக் கழற்றினான். முகக்கவசத்தை மட்டும் எடுக்கவில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே அறையில், இதே பெண் எதிரில், இதே டிரெட்மில்லில் அவன் நடந்திருக்கிறான். அன்றைக்கு அவன் தன் அண்ணனாக நடந்தான்.

அவள் அவன் நெஞ்சில் ஒவ்வொரு ஒயராக ஒட்டிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் வந்ததும் கை நின்றது.

"இங்க பெரிய தழும்பு இருக்கே. எப்படிப் பட்டுச்சு?"

"கேட் கம்பி. பூட்டின கேட்டுக்கு மேல எட்டி ரிஜிஸ்டர் தபால் குடுக்கப் போனேன்."

"இதுல ஒட்டாது. கொஞ்சம் கீழ தள்ளி ஒட்டறேன்" என்று சொல்லி, மேஜையில் இருந்த தாளிலும் அதை எழுதிவைத்தாள். ஒரு நாளைக்கு ஐம்பது நெஞ்சைப் பார்க்கிறவளுக்கு எந்த நெஞ்சு ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். மெஷின் நகர ஆரம்பித்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைல். இன்று மாலை நாலு மணிக்கு அண்ணனின் உடல் விமானத்தில் வருகிறது. உடலை அனுப்பும் காகிதங்களுக்காக எட்டு நாள் காத்திருந்துவிட்டு, அந்த உடல் வரும் நாளன்றே கொழுந்தனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண் உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா என்று தெரியவில்லை.

"இன்னிக்கேவா அண்ணி?" என்று வீட்டிலேயே கேட்டுப் பார்த்தான்.

"இன்னிக்கேதான். அவரைக் கொண்டாந்து இறக்கறதுக்கு முன்னாடி உங்க நெஞ்சு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். உங்கப்பாவும் இப்படித்தான் போனாரு. இப்ப இவரு. உங்க பிள்ளைங்க ரெண்டும் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கல, தம்பி."

அண்ணன் லிப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன்பு அவருடைய ஒரே மகள் ரத்தப் புற்றுநோயில் போனாள், ஒன்பது வயதில். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். வேறொன்றும் செய்யவில்லை. யாராவது ஜோக் சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பார், அவ்வளவுதான். அவள் படுத்திருந்த குழந்தைகள் வார்டுக்காக நிதி திரட்டும் ஒரு சங்கம் இருந்தது. வருடா வருடம் வெளிநாட்டில் மலை மேல் ஓடும் ஒரு பழங்காலப் பெருஞ்சுவருக்கு ஆட்களைக் கூட்டிப்போவார்கள். ஒரு வருடம் சுவரை ஒட்டிய பாதையில் சைக்கிள், அடுத்த வருடம் சுவர் மேலேயே நடை. போகிறவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அவர் பெயரில் வார்டுக்கு நன்கொடை எழுதுவார்கள். இந்த வருடம் நடை. அண்ணன் பெயர் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். சமையலறைக் கதவில் சுவரின் வரைபடத்தை ஒட்டி, காவல் கோபுரங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிப்டைப் பழுது பார்த்துவிட்டு, முதுகில் சுமையோடு படியில் இறங்கி ஏறினார். "லிப்ட்காரரே படியில ஏறினா அப்புறம் உங்க லிப்டை யாருய்யா நம்புவா?" என்று வாட்ச்மேன் கேட்டதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அது.

எட்டாவது மாடியில் நெஞ்சு பிடித்ததைத் தம்பியிடம் மட்டும் சொன்னார்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துச் சான்று தர வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "நீ தினமும் ஊரையே சுத்தி வர்றவன். உனக்கு அது ஒரு வேலையாடா? என் கார்டை எடுத்துட்டுப் போய் கால் மணி நேரம் நடந்து குடுத்துட்டு வந்துடு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆனா என்னடா?" என்றார் அண்ணன். பிறகு, "பாப்பாவுக்குன்னு நான் ஒண்ணுமே செய்யலடா" என்றார்.

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. நடந்து கொடுத்தான். 'மலையேறத் தகுதியானவர்' என்று சான்று வந்தது. அன்று சாயங்காலம் இருவரும் டீக்கடையில் நின்று, பரீட்சையில் காப்பியடித்துப் பாஸான பையன்கள் மாதிரி சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் நடையில், ஆறாவது கோபுரத்துக்கும் ஏழாவதுக்கும் இடையில், முழங்கால் உயரப் படிகளில் அண்ணன் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று இந்த எட்டு நாளில் எத்தனையோ தடவை அண்ணி எதிரில் போய் நின்றான். நான்காம் நாள் கிட்டத்தட்ட வாயைத் திறந்தேவிட்டான். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அன்னிக்குக் காலைல போன் பண்ணாரு, தம்பி. நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு, இன்னிக்கு நடக்காம கீழ வண்டியில போயிடட்டுமான்னு கேட்டாரு. நான்தான்... டாக்டரே நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காரு, மூணாம் நாளே சுணங்கினா எப்படி, பாப்பாவை நினைச்சுக்கிட்டு ஏறுங்கன்னேன். நான்தான் தம்பி ஏறச் சொன்னேன்."

அவள் அழவில்லை. கதவில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவள் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. இறங்கி எங்கே வரும் என்பதும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். கோழை என்பதற்கு வேறு அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

"போதும், இறங்குங்க" என்றாள் அந்தப் பெண். "நல்லா நடக்கறீங்க."

டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். அண்ணனுக்குச் சான்று எழுதியவர் அவர்தான். அண்ணி இந்த இடத்துக்கே வந்ததற்குக் காரணமும் அதுதான். அவரிடம் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"அந்த ஊர் டாக்டருங்க ரத்தக்குழாய் ரெண்டு பல வருஷமா அடைச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க. எப்படி டாக்டர்?"

டாக்டர் மேஜைமேல் அண்ணனின் அறிக்கையைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

"நானும் ஒரு வாரமா இதையேதான் திருப்பித் திருப்பிப் பாக்கறேன்மா. எனக்கும் தூக்கமில்ல. சில பேருக்கு இந்த டெஸ்ட்ல தெரியாமப் போறதுண்டு, ஆனா இது..." அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினார். "எதையும் விடல பாருங்க. பதிமூணு நிமிஷம் அசராம நடந்திருக்காரு. மூச்சு வாங்கல. இடது மார்புல பழைய தழும்பு, அதுக்காக ஒயரைக் கீழ தள்ளி ஒட்டியிருக்கு. அது உட்பட எழுதியிருக்கோம்."

"யாருக்குத் தழும்பு?" என்றாள் அண்ணி.

"உங்க வீட்டுக்காரருக்கும்மா."

டெஸ்ட் எடுத்த பெண் அப்போதுதான் உள்ளே கொண்டுவந்து வைத்த இன்றைய தாளை டாக்டர் கையில் எடுத்தார். படித்தார். பழைய தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தபால்காரனின் முகத்தைப் பார்த்தார். அங்கே முகக்கவசம்தான் இருந்தது.

அண்ணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தான் போட்ட சட்டையின் இடது பக்கத்தைப் பார்த்தாள். கேட் கம்பி கிழித்த காயத்துக்கு ஏழு தையல் போட்டபோது, இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். கட்டு மாற்றிவிட்டவளும் அவள்தான்.

யாராவது ஏதாவது கேட்டால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

டாக்டர்தான் பேசினார். "அம்மா, நான் இதை எழுத்துல குடுக்கணும்னா..."

"வேண்டாம் டாக்டர். உங்க மேல தப்பில்ல." அவள் ஃபைலை மூடினாள். "இவருக்கு எப்படி இருக்கு?"

"இவருக்கு ஒரு குறையும் இல்லம்மா."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம். அண்ணனின் காரை அவன்தான் ஓட்டினான். ஆஸ்பத்திரிக்கு வரும்போது வழியெல்லாம் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு வந்தவள் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அண்ணி, நான்..."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

இரண்டு சிக்னல் கடந்தது. மூன்றாவதில் சிவப்பு விழுந்தது. அங்கே நிற்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"போனை வைக்கறதுக்கு முன்னாடி, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்றேன்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. நெஞ்சு வலிக்கு தபால்காரன்கிட்ட என்ன கேக்க இருக்குன்னு திட்டினேன்." அவன் பக்கம் திரும்பினாள். "கேட்டாரா?"

"கூப்பிட்டாரு. நான் எடுக்கல."

"ஏன்?"

"பை நிறையத் தபால் இருந்துச்சு அண்ணி. முடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு விட்டுட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். தபால் வேலை என்றால் அப்படித்தான் என்று ஒப்புக்கொள்கிறவள் போல. பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் அவன் கிளப்பினான்.

சரக்கு வாங்கும் இடத்தில் கூட்டமில்லை. ஒரு பக்கம் யாருக்கோ வந்த மீன்தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் மூன்று படிவங்களைத் தள்ளினார். "யாரு வாங்கிக்கறீங்க? நெருங்கின உறவு யாராவது ஒருத்தர் கையெழுத்து போட்டாப் போதும்."

அண்ணி பேனாவை எடுக்கவில்லை.

"இவரு போடுவாரு. அவருக்குப் பதிலா எல்லாம் இவர்தான் போட்டுக் குடுப்பாரு."

கவுண்டர்காரர் அதை ஒரு நல்ல குடும்பத்தின் பேச்சாக எடுத்துக்கொண்டு, பேனாவை அவன் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. மூன்றிலும் போட்டான். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினான்.

பெட்டி அவன் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. உடலைக் கொண்டுபோக வந்திருந்த வேனின் பின்பக்கம் நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். தூக்கும்போது ஒருவர், "மெதுவா, மெதுவா, உள்ள ஆளு இருக்கு" என்றார். பெட்டிக்கு ஒரு பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு பலகை இருந்தது.

"காரை யாராவது எடுத்துட்டு வரட்டும் அண்ணி. நான் அண்ணன்கூட..." என்றான் அவன்.

அண்ணி சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருடைய கையையும் வாங்காமல் ஏறினாள். பலகையில் உட்கார்ந்தாள். கதவை உள்ளிருந்து இழுத்துப் பார்த்தாள். அது சேரவில்லை.

"உள்ளேருந்து மூட முடியாதும்மா" என்றார் டிரைவர். "சார், நீங்க வெளியிலேருந்து தாழ்ப்பாளைப் போடுங்க. நல்லா அழுத்திப் போடணும், இல்லன்னா மேட்டுல தொறந்துக்கும்."

தபால்காரன் கதவில் கை வைத்தான். உள்ளே அண்ணி பெட்டியின் மூடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி மூடியதும் அவள் கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினான்.