தும்பையாற்றின் வருகைப்பதிவு

தும்பையாறு எங்கள் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் சேர்ந்த வருஷம், பெண்கள் விடுதியின் தரைத்தளத்தை அதற்கென்று ஒதுக்கினோம். மாடி ஏறுவது ஆற்றுக்குச் சிரமம். அப்போது நான்தான் முதல்வர்.

கூட்டிவந்தவர் செல்லக்கனி. எங்களிடம் மெக்கானிக்கல் படித்த முதல் பெண். இப்போது ஒரு தொழில்நுட்பக் கம்பெனியின் மேலாண்மை இயக்குநர். அந்தம்மாவுக்கு ஒரு ராசி உண்டு. அவர் செய்கிற காரியத்தைப் பார்த்து யாராவது ‘இது சரிப்பட்டு வராது’ என்று சொன்னால், அந்த நிமிஷமே அவருக்குப் பதவி ஒரு படி உயரும். நம் ஊரில் அதைச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? டிரெயினியாகச் சேர்ந்தவர் விறுவிறுவென்று மேலே போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. கம்பெனி செலவில் கிராமத்துப் பெண்களை வருஷாவருஷம் எங்களிடம் படிக்க அனுப்பினார். அந்த வருஷம் அவர்களோடு ஆறும் வந்தது.

“அதும்மேல இத்தனை பாலம் கட்டியிருக்கோம். ஒருத்தராச்சும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா சார்?” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஆறு கடைசி பெஞ்சில் ஓடியது. கணக்கில் சுமார். வரைபடத்தில் கெட்டி, நேர்கோடு மட்டும் வராது. அறைத்தோழி பேச்சியம்மாள் தினமும் திட்டுவாள்.

“ஏட்டி, உன் கரையோட இரு. என் ரெக்கார்டு நோட்டு நனையுது.”

கோடை வந்தது. ஆறு வகுப்புக்கு வரவில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்பது பல்கலைக்கழக விதி. கம்பெனியின் சேர்மன் ராஜமன்னார் செல்லக்கனியோடு காரில் வந்து இறங்கி, நேரே வகுப்பறைக்கு வந்தார். செல்லக்கனிக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி, அதில் இவர் உட்கார்ந்திருந்தார். அதனால் வார்த்தையை அளந்துதான் பேசுவார்.

“ஆறு பரீட்சை எழுதலைன்னா இந்தத் திட்டத்தையே நிறுத்திடுவேன். அந்தப் பொண்ணுங்களையும் ஊருக்கு அனுப்பிடுங்க.”

பேச்சியம்மாளுக்கு ஊரில் காத்திருந்தது தீப்பெட்டி ஆபீஸ் கூலிவேலை. அவள் என்னைப் பார்த்தாள். நான் செல்லக்கனியைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வகுப்பறைத் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

“கோடையில ஆறு எங்க போவும் பேச்சி?”

“எங்கயும் போவாது மேடம். அடியில கிடக்கும். தோண்டினா ஊறும்.”

கடைசி பெஞ்சை நகர்த்திவிட்டுப் பெண்கள் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் ஊற்று. நான் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, “தும்பையாறு” என்று கூப்பிட்டேன். தண்ணீர் ஒரு சாண் எழும்பி அடங்கியது. கோடை முழுக்க நடத்திய பாடத்தைக் கேட்டோம், ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. நடத்தியவரின் இருமலையும் சேர்த்தே ஒப்பித்தது. முழு வருகை போட்டேன். சேர்மன் கைக்குட்டையால் காலணியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆறும் பேச்சியம்மாளும் முதல் வகுப்பில் தேறி, செல்லக்கனியிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் சேர்ந்து போட்ட முதல் பாலத்தில், ஆறும் அந்தப் பக்கம் நடந்துபோக ஓரமாக இடம் விட்டிருந்தார்கள்.

பட்டமளிப்பு விழா அன்று கல்லூரி கேட்டருகே, செல்லக்கனி கூட்டிவந்த ஒரு மலை, பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு நின்றது. மேடையிலிருந்து சேர்மன் அண்ணாந்து பார்த்தார்.

“இது சரிப்பட்டு வராது,” என்றார், வாய்தவறி.

சொன்ன கையோடு எழுந்து நடுநாற்காலியைச் செல்லக்கனிக்கு விட்டுவிட்டு, ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் மேடையை விட்டிறங்கி கேட்டுக்குப் போய், “மெஸ்ஸுல சைவமா, அசைவமா?” என்று கேட்டேன்.

முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்றது மலை.