தொட்டி இல்லாத ஊர்

வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் மாட்டுவண்டி வருகிற சத்தம் கேட்டதும் இருதயம்மாள் சாலை நடுவில் போய் நின்றாள்.

இன்று ஏறாவிட்டால் போச்சு. பத்து நாள் வேலைக்கு வராதவர் பெயரை வெட்டிவிடுவார்கள். இன்று பத்தாம் நாள். புருஷன் மரிய ஜோசப் மலைக்காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். வீட்டில் உலை கொதிக்க அவள் ஒருத்தியின் கைதான் மிச்சம்.

வேலை ஒன்றும் சீமையில் இல்லை. மலைமேல் பெரியாற்று அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் கூடலூரைத் தாண்டி அடிவாரத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாசல். அங்கே சுட்ட செங்கல்லை உலக்கையால் இடித்து, சாந்தில் கலக்கும் சுர்க்கித் தூளாக்க வேண்டும். நடந்தே போய்விடலாம். போனாள். வாசலிலேயே துரத்தினார்கள். இப்போது புதுச் சட்டம்; வண்டியில் வந்த ஆளுக்குத்தான் அன்றைய வேலைக்கான அடையாளத் தகடாம். நடந்து வந்தவள் களைத்துப் போயிருப்பாளாம்!

சரியென்று கூடலூர்க் கடைவீதிக்கே போய் ஏறப் பார்த்தாள். "உங்க ஊரு ஆளு உங்க ஊருலதான் ஏறணும்" என்று இறக்கிவிட்டார்கள். ஊரில் காத்து நின்றால், பாதி காலியான வண்டிகள் அவள் ஊரான சவேரியார்பட்டியைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் பறந்தன.

காண்டிராக்டரின் மேஸ்திரி தங்கபாண்டி ஒருநாள் ஓடுகிற வண்டியிலிருந்தே காரணம் சொன்னார்.

"மாடு தண்ணி குடிக்கத் தொட்டி இருக்க எடத்துலதான் வண்டி நிக்கும். அதான் ரூலு. உங்க ஊருல தொட்டி எங்கன இருக்கு?"

இல்லைதான். கடைவீதியில் மூன்று இருந்தன. இங்கே யாரும் கட்டித் தரவில்லை.

"அணைக்கே சாந்து இடிக்கிறோம். ஒரு தொட்டி கட்ட நமக்கு வராதாக்கும்?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுச் செலின்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் உலக்கையோடு உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சாலையோரம் தொட்டி எழும்பியது. நாலு நாள் ஈரச்சாக்கு போர்த்திக் காத்தார்கள். இன்று விடியலில் தொட்டி நிறையத் தண்ணீர்.

"ஏய், வெலகு! மாடு மிதிச்சிரும்!" மேஸ்திரி கத்தினார்.

இருதயம்மாள் விலகிவிட்டாள்.

வண்டி தாண்டவில்லை. மாடுகள் தண்ணீரை மோப்பம் பிடித்துவிட்டன. ஓரமாகத் திரும்பித் தொட்டியில் மூக்கை விட்டன. வண்டிக்காரன் வேலுச்சாமி கயிற்றை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"ஓட்டுலே!"

"எப்படிங்கய்யா? தொட்டியக் கண்டா நிக்கணும்னு பழக்குனதே நீங்கதான்."

அதற்குள் செலினும் நாலு பெண்களும் ஏறிவிட்டார்கள். மேஸ்திரி குதித்து இறங்கித் தொட்டியைச் சுரண்டினார்.

"இது சுர்க்கியாச்சே! காளவாசல்ல திருடுனீகளா?"

இருதயம்மாள் மேஸ்திரி எதிரே வந்து நின்றாள்.

"எங்க பழைய கோயில் கூரை ஓட்ட இடிச்ச தூளு. மோந்து பாருங்க, சாம்பிராணி மணக்கும். பத்து நாளா எங்க வேலையப் பிடுங்கிட்டு வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போனீகளே, அதுக்குப் பேரென்ன மேஸ்திரி? தொட்டி இருந்தா நிக்கும்னு சொன்னது உங்க வாய்தான?"

"அது... காண்டிராக்டர் கட்டுன தொட்டியா இருக்கணும்."

"அத மாட்டுக்கிட்டச் சொல்லுங்க" என்றாள் செலின்.

வண்டியில் இருந்த கடைவீதி ஆட்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி முன்னால் ஏறினார். இருதயம்மாள் பின்னால் ஏறினாள்.

காளவாசலில் பெயர் கூப்பிட்டார்கள். அவள் பெயர் இன்னும் இருந்தது. தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

பின்னாலேயே வந்தார் தங்கபாண்டி. "நாளைக்கு அந்தத் தொட்டிய ஒடச்சுப் போடுறேன் பாரு."

"ஒடைங்க" என்றாள் இருதயம்மாள், செங்கல்மேல் உலக்கையை இறக்கியபடி. "சாயங்காலமே மறுபடி உக்காந்துருவோம். இடிக்கிறதுதான எங்க வேலை?"