அறுபது அடி

ஐலீன் படகு வாங்கப் போகிறாள் என்று ஃபோனில் கேட்டதும் தெல்மா சிரித்தாள். பிறகு அடுப்புச் சாம்பலைக் கொட்டுவதற்காக வாளியைத் தூக்கிக்கொண்டு தன் படகுவீட்டிலிருந்து கரையில் இறங்கியவள், எதற்காக இறங்கினோம் என்பதையே மறந்து நின்றாள்.

"யாருக்குப் படகு?" என்று உள்ளேயிருந்து நெவில் கேட்டான்.

"என் தங்கச்சிக்கு. அதுல குடியிருக்கப் போறாளாம். இங்க வந்து, நம்ம பக்கத்துலயே."

"நல்லதுதானே. அந்தப் பக்கத்து இடம் காலியாத்தான் கிடக்கு."

காலியாகக் கிடப்பதுதான் தெல்மாவுக்குப் பிடிக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தெல்மா கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். தேவாலயத் திருவிழாவில் பரிசு வாங்கியது ஐலீனின் கேக். தெல்மா முதலில் நீந்தினாள். ஐலீன் மாவட்டத்துக்காக நீந்தினாள். தெல்மாவுக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த நெவில் வாய்த்தான். ஐலீனுக்குப் பல் டாக்டர். அந்தப் பல் டாக்டர் போன வருஷம் வேறொருத்தியோடு போர்ச்சுகலுக்குப் போய்விட்டான். அன்று தெல்மா தங்கையைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள். அழும்போதே நெஞ்சின் ஒரு மூலையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல் இருந்ததையும் அவள் கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தெல்மா தொட்டு ஐலீன் தொடாத ஒரே பொருள் படகுதான். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை பார்க்க வந்தாள். கழிவறைப் பெட்டியை முகர்ந்துவிட்டு, "இது என்னடி, வீடா சவப்பெட்டியா?" என்று கேட்டுவிட்டு ஹோட்டலில் போய்த் தூங்கினாள்.

அந்தச் சவப்பெட்டியைத் தேர்ந்தெடுக்க தெல்மாவுக்கும் நெவிலுக்கும் நாலு வருஷம் ஆகியிருந்தது. சனி ஞாயிறெல்லாம் படகுத்துறை படகுத்துறையாக அலைந்தார்கள். விற்பனைக்கு நின்ற ஒவ்வொரு படகிலும் தெல்மா கட்டிலில் படுத்துப் பார்த்தாள். நெவில் கழிவறையில் உட்கார்ந்து முழங்கால் கதவில் இடிக்கிறதா என்று பார்த்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் தெல்மா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நீளத்தை அளந்தாள். ஐம்பத்தேழரை அடிக்கு மேல் இருந்தால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

காரணம், அவர்கள் குடியிருக்க நினைத்த பிரிகவுஸ் துறைக்கு வரும் கால்வாயின் லாக்குகள். லாக் என்றால் இரண்டு முனையிலும் இரட்டைக் கதவு வைத்த கல்தொட்டி. படகு உள்ளே போனதும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு மேட்டுக்கு ஏறிவிடும். தெற்கே இந்தத் தொட்டிகள் எழுபது அடிப் படகையும் விழுங்கும். இங்கே அந்தக் காலத்தில் ஓடிய குட்டைப் படகுகளுக்கு ஏற்றபடி கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஐம்பத்தேழரை அடியைத் தாண்டினால் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் பிரிகவுஸ் இல்லை.

இதெல்லாம் தெல்மாவுக்குத் தெரியும் என்பது பிரிகவுஸ் துறையில் எல்லோருக்கும் தெரியும். குழாய் உறைந்தாலும், அடுப்பு புகைந்தாலும், "தெல்மாகிட்ட கேளு" என்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில்தான் முதன்முறையாக அவளிடம் கேட்க நாலு பேர் இருந்தார்கள்.

ஐலீனும் அவளிடம்தான் கேட்டாள். "நீயும் வந்து பாருடி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

நாட்டிங்கமுக்குப் பக்கத்துத் துறையில் அந்தப் படகு நின்றது. கரும்பச்சையில் வெண்ணெய் நிறக் கோடு, பக்கவாட்டில் 'ஹனிசக்கிள்' என்று பெயர். உள்ளே ஓக் தரை, துணி துவைக்கும் இயந்திரம், வீட்டில் இருப்பது போலவே தண்ணீர் இழுத்துவிடும் கழிவறை. தெல்மா ஒவ்வொரு அறையாக நடக்க நடக்க அவள் காது சூடேறியது. கடைசி அறையில் குளியல் தொட்டி! எட்டு வருஷமாக அவள் நின்றுகொண்டே குளிக்கிறாள், அதுவும் மூன்று நிமிஷம், நெவில் வெளியிலிருந்து "தண்ணி, தண்ணி" என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பான்.

ஐலீன் பூட்ஸோடு தொட்டிக்குள் இறங்கி மல்லாந்தாள். "தெல்மா, இங்க பாரேன்! காலை நல்லா நீட்ட முடியுது. உன்னோடதுல நாரை மாதிரி நிக்கணும் இல்ல?"

தெல்மா வெளியே வந்து, படகை ஒட்டியிருந்த பலகைமேல் மூக்கிலிருந்து வால்வரை நடந்தாள். அவள் ஓர் எட்டு வைத்தால் சரியாக மூன்றடி. இருபது எட்டு.

விற்பனைக்காரர் கேட்டார். "எங்க கொண்டுபோய் நிறுத்தப் போறீங்க மேடம்?"

"பிரிகவுஸ்ல. அக்கா பக்கத்துலயே," என்றாள் ஐலீன்.

அவர் புருவத்தைத் தூக்கித் தெல்மாவைப் பார்த்தார். "அந்தப் பக்கமா? அப்ப அக்காவுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்," என்றாள் தெல்மா.

"அப்ப நீயே சொல்லு. நீ சரின்னா இப்பவே வாங்கிடுறேன்," என்றாள் ஐலீன்.

சொல்வதற்கு ஒரே ஓர் எண்தான். அது தெல்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள். "நல்ல படகுடி. வாங்கிக்கோ."

வீடு திரும்பியதும் நெவில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டான். "லாக் அளவையெல்லாம் அவளுக்குச் சொல்லிட்டல்ல?"

"ம்," என்றாள்.

அவள் கணக்கு எளிமையானது. ஐலீன் வேக்ஃபீல்டு வரை வருவாள். அங்கே குட்டை லாக்குகள் தொடங்கும், இடிக்கும். அங்கேயே எங்காவது கட்டிக்கொள்ளட்டும். படகும் இருக்கும், தொட்டியும் இருக்கும், தங்கையும் இருப்பாள், எல்லாம் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால். பிரிகவுஸ் மட்டும் தெல்மாவுடையதாக இருக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஐலீன் தனியாகவே புறப்பட்டாள். தினமும் ஃபோன். அன்னப்பறவை ஜன்னலில் தலையை நீட்டி ரொட்டி கேட்டதாம். டிரென்ட் ஆற்றின் பெரிய லாக்கைக் கவனிக்கும் ஆள் டீ போட்டுக் கொடுத்து, "முப்பது வருஷமா ஓட்டுறவங்க மாதிரி ஓட்டுறீங்க" என்றாராம். தெல்மா முதல் வருஷம் அதே ஆற்றில் பாலத்தூணில் மோதி அழுதவள். "அப்படியா, சந்தோஷம்டி" என்று சொல்லிச் சொல்லி அவள் தாடை வலித்தது.

துறையில் அதைவிட மோசம். ஐலீனின் புகைப்படங்கள் எப்படியோ எல்லார் கைக்கும் வந்துவிட்டன.

"உன் தங்கச்சி படகுல குளியல் தொட்டியாமே!" என்றார் எதிர்ப் படகு ஆர்ச்சி. "எங்களுக்கெல்லாம் வாரத்துக்கு ஒரு டோக்கன் குடுப்பாளா?"

"முதல் டோக்கன் உங்களுக்குத்தான் ஆர்ச்சி. நாத்தம் தாங்கல," என்றாள் அவர் மனைவி டாட்டி. எல்லோரும் சிரித்தார்கள். டாட்டியே தொடர்ந்தாள். "பாரேன் தெல்மா கண்ணு, இன்னும் ஒரு மாசத்துல உன்னை எல்லாரும் ஐலீனோட அக்கான்னுதான் சொல்லப் போறாங்க."

தெல்மாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் மூன்று தட்டுகளை ஏழு தடவை கழுவினாள்.

பதினோராம் நாள் காலை, மழை. ஃபோன் வந்தது.

"தெல்மா, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன். வேக்ஃபீல்டைத் தாண்டி ஒரு லாக்குக்குள்ள வந்துட்டேன். கதவு மூட மாட்டேங்குது."

நெவில் உடனே வேனை எடுத்தான். இந்தக் கால்வாயின் சில லாக்குகளில் தண்ணீரை அடைத்திருக்கும் பலகையை நெம்பித் தூக்க ஒரு தடித்த ஓக் கட்டை வேண்டும். அதையும் தூக்கிப் போட்டுக்கொண்டான். 

லாக் கரையில் ஐலீன் மஞ்சள் மழைக்கோட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கல்தொட்டிக்குள் ஹனிசக்கிள். அதன் வால் கீழ்க்கதவின் வழியில் துருத்திக்கொண்டு நின்றது. நாயோடு வந்த ஒருவர் குடை பிடித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி ஒரு துண்டு அறுத்துட்டா சரியாப் போகும்," என்றார் அவர்.

"உங்க நாய்க்கும் அப்படியே செய்யலாமா?" என்றாள் ஐலீன். 

நெவில் கரையோரமாகப் படகின் மூக்கிலிருந்து வால்வரை நடந்தான். முடிவில் நின்று மனைவியைப் பார்த்தான். "அறுபது," என்றான். 

"அறுபதுன்னா?" ஐலீன் தெல்மாவிடம் திரும்பினாள். "அப்ப இது மேல வராதா?"

அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கயிறு இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. "சரி விடு. நான்தான் ஒழுங்கா விசாரிக்கல. வேக்ஃபீல்டுலயே இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

தெல்மா கேட்டதே கிடைத்துவிட்டது. கிடைத்தது வாயில் உப்பாகக் கரித்தது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் ஐம்பத்தேழரை என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அறுபது அடிப் படகு ஒன்று தனியாக வந்தால், இடி தாங்குவதற்காக முன்னும் பின்னும் தொங்கும் கயிற்று முட்டுகளைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் மூலைக்கு மூலை கோணலாக நிறுத்தினால், மயிரிழையில் அடங்கும். ஆர்ச்சியோடு சேர்ந்து ஒருமுறை செய்திருக்கிறாள். "வராது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பேச முடியாது. வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்.

"கயித்து முட்டுகளை எல்லாம் கழட்டு நெவில்," என்றாள். ஈரமான இரும்பு ஏணியில் இறங்கி, ஹனிசக்கிளின் சுக்கான் பிடியைக் கையில் எடுத்தாள்.

மூக்கை வலது மூலைக்குள் செருகினாள். வாலை இடப்பக்கம் தள்ளினாள். "வலது கதவை மூடு!" ஐலீன் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு மூடியது. இப்போது மூக்கை இடது மூலைக்குக் கொண்டுபோய், வாலை அந்த மூடிய கதவோரம் கொண்டுவர வேண்டும். இரும்பு கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. எவ்வளவு லேசாகத் திரும்பியது அந்தப் படகு! அதற்காகவும் ஒரு நொடி தெல்மாவுக்கு வயிறு எரிந்தது. "இடது கதவு!" நெவில் தள்ளினான். இரண்டு விரற்கடை இடைவெளியில் கதவு அவள் முழங்கையைத் தாண்டி மூடிக்கொண்டது.

நாய்க்காரர் கைதட்டினார். நெவில் மேல்முனைக்குப் போய்க் கட்டையைச் செருகித் தண்ணீரைத் திறந்தான். படகு மெல்ல ஏறத் தொடங்கியது. ஐலீன் நேர் மேலே, கரையில் நின்றாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்படி நிறுத்தினா வரும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. "அப்ப, நேரா விட்டா வராதுன்னும் தெரிஞ்சிருக்கும்."

தெல்மா அண்ணாந்து பார்த்தாள். மழை கண்ணில் விழுந்தது. "தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"நாட்டிங்கம்ல. நடந்து பார்த்தேன். இருபது எட்டு."

"நெவில்! நிறுத்து!" என்று ஐலீன் கத்தினாள். பலகை இறங்கியது. படகு பாதிக் கிணற்றில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

ஐலீன் கதவின் நீண்ட மரத்தண்டில் உட்கார்ந்தாள். "டேப்புக்குப் பதிலாத்தான்டி உன்னைக் கூட்டிட்டுப் போனேன். ஏன் சொல்லல?"

"உனக்குத் தொட்டி இருந்துச்சு."

"தொட்டியா!"

"தொட்டியும். நீச்சலும். கேக்கும்."

"எந்தக் கேக்?"

 நாற்பத்தைந்து வருஷமாகத் தெல்மா சுமந்த கேக். தங்கைக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

"இங்க நான் தெல்மாடி," என்றாள் கடைசியில். "நீ வந்துட்டா நான் வெறும் உன் அக்கா ஆயிடுவேன்."

 நாய்க்காரர் நாகரிகமாக நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெவில் கட்டையில் சாய்ந்தபடி வானத்தைப் பார்த்தான்.

"உன்னை அங்கயே ராத்திரி வரைக்கும் விட்டு வைக்கணும்," என்றாள் ஐலீன். மூக்கை உறிஞ்சினாள். "செஞ்சிருப்பேன். ஆனா என் படகுல நிக்கிற. நெவில், திற. ஏய் தெல்மா, பிரிகவுஸுக்கு இன்னும் எத்தனை லாக்?"

"ஒரு டஜன் இருக்கும். சிலது இதைவிட இறுக்கம்."

"எல்லாத்தையும் நானே ஓட்டுவேன். நீ கரையில நனைஞ்சுக்கிட்டே வா. என்ன பண்ணணும்னு அங்கேருந்து கத்து. உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல."

அடுத்த லாக்கில் ஐலீன் சுக்கானைப் பிடித்தாள். தெல்மா கரையில் நின்றாள், தலைமுடியிலிருந்து தண்ணீர் முதுகுக்குள் ஓடியது. படகின் மூக்கு முதல் முயற்சியிலேயே மூலையில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. பிறகு வால் வளைந்து வந்தது, ஒரு கீறல் சத்தம்கூட இல்லாமல். பின்னாலேயே நடந்து வந்திருந்த நாய்க்காரர், "அடேயப்பா, இவங்கதான் ஆளு!" என்றார்.

தெல்மாவின் நெஞ்சுக்குள் அந்தப் பழைய நெருப்பு குப்பென்று பற்றியது. சுக்கானோடு முன்னால் பார்த்து நிற்கும்போது வாலுக்கும் கதவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஐலீனுக்குத் தெரியாது. தெல்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னும் ஒரு அடி வலது பக்கம்!" என்று கத்தினாள்.

அவள் சொன்ன அளவு சரியானதுதான்.