அக்காவின் எச்சில்

"பல்லு தேய்க்காம வாக்கான்னு கூப்பிடுற தங்கச்சியை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று புலம்பிக்கொண்டே அக்கா சோதனைக் குழாயில் எச்சிலைத் துப்பினாள். தங்கையின் ஆய்வகத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. செயற்கைப் பல்லைத் தாங்க அக்காவின் தாடை எலும்பில் பதித்த திருகு, இரண்டு முறை சீழ் பிடித்துக் கழன்று வந்துவிட்டது. மிச்சமிருக்கும் எலும்பு இன்னொரு முறைக்குத்தான் தாங்கும், அதுவும் சீக்கிரம் வைத்தால்தான் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். கிருமி அண்டாத திருகைச் செய்தே தீருவேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றது அதனால்தான்.

அவள் கண்டுபிடித்த பூச்சு, ஆய்வகத்தில் வளர்த்த சாதுக் கிருமிகளைக் கொன்றது. அக்கா வாயிலிருந்து வந்த போக்கிரிகளையும் கொன்றது. கூடவே திருகைப் பிடித்துக்கொள்ள வேண்டிய எலும்புச் செல்களையும் தீர்த்துக்கட்டியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். எலும்பு பிடிக்காத திருகு வாயில் நிற்குமா? அன்று அவள் கை கழுவும் தொட்டி முன் நின்று விசும்பி அழுதாள்.

அழுது முடித்ததும், அக்கா வாயிலிருந்து கழன்ற திருகை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கிருமிப் படலம் ஈறு தொடும் கழுத்தில்தான் தடித்துக் கிடந்தது; நுனியில் அவ்வளவாக இல்லை. திருடன் வாசல் வழியாக வருகிறான், நானோ வீடு முழுக்க விஷம் தெளித்திருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த திருகுக்குக் கழுத்தில் மட்டும் பூச்சு. எலும்புக்குள் போகும் பகுதியை வெறுமனே விட்டாள்.

அக்காவின் எச்சிலில் ஊறப்போட்டும் கழுத்தில் கிருமி ஒட்டவில்லை. கீழே எலும்புச் செல்கள் சொந்த வீட்டில் இருப்பது போலப் பரவிப் படுத்திருந்தன. உடனே போன் போட்டாள்.

"அக்கா, பிடிச்சுக்கிச்சுக்கா!"

"அப்படியா! எனக்கு எப்ப வைக்கலாம்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள்.

"முதல்ல விலங்குகளுக்கு வச்சுப் பார்க்கணும். அப்புறம் ஈறு நல்லா இருக்கிறவங்களுக்கு. உன்னை மாதிரி ஆளுங்க முறை வர வருஷக்கணக்காகும். அதுக்குள்ள உன் எலும்பு..." முடிக்காமலே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவுக்கு வலித்திருக்கும், வலிக்காமல் இருக்குமா?

"போனாப் போகுது. நான் கழட்டி மாட்டுற பல்லு வாங்கிக்கிறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. என் எச்சிலையே தாங்கிடுச்சுன்னா, அது உலகத்துல யார் வாயிலயும் நிக்கும்டி. அழாம போய் அடுத்த வேலையைப் பாரு."