அடுப்புப் பரணில் ஒரு துப்பாக்கி

விடிகாலையிலேயே சாமைக் காட்டில் பன்றி இறங்கியிருந்தது. கதிரெல்லாம் மிதிபட்டுக் கிடந்ததைப் பார்த்த சென்றாயனுக்கு வயிறு எரிந்தது. முந்தின நாள்தான் மலையிலிருக்கும் பெரக்கரை நாட்டின் ஊர்க்கவுண்டர் தண்டோரா போடச் சொல்லியிருந்தார். சண்டைக் காலமாம், லைசென்சு இல்லாத துப்பாக்கிகளை அடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, கொண்டுபோய்க் குடுத்துருங்க. நமக்கு எதுக்குங்க வம்பு?" என்றாள் அவன் மனைவி கண்ணாயி.

"குடுத்துட்டு? பன்னிக்குக் கும்புடு போட்டுட்டு நிக்கறதா? வெள்ளக்காரன் சண்டைக்கு எங்கப்பன் துப்பாக்கிய நான் எதுக்குத் தரணும்?"

அப்படி ஒரு வீம்பு! அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, துப்பாக்கியை வைக்கோலில் சுற்றி அடுப்புக்கு மேலிருந்த பரணில் செருகினான். மழைக்கு நமத்துப் போகக்கூடாதென்று மலையில் எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். ஆனால் வெறும் துப்பாக்கியாக வைப்பார்கள். இந்தப் புத்திசாலியோ, பன்றி வந்தால் உடனே சுடலாமென்று வெடிமருந்தும் ஈயக்குண்டும் போட்டுக் கெட்டித்தே வைத்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாய் குரைத்தால் போலீசோ என்று எழுந்தான். யாராவது வாசலில் செருமினால் பரணைப் பார்த்தான். காட்டுக்குப் போனாலும் கண் வீட்டுப் பக்கமே இருந்தது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அடுப்படியில் பரப்பியிருந்த ஈரச் சாமை உலரட்டுமென்று கண்ணாயி அடுப்பில் நாலு கட்டை கூடுதலாகப் போட்டாள். குழந்தை சிணுங்கவே, தூளியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அடுப்பிலிருந்து பறந்த பொறி பரண் வைக்கோலில் பற்றியது.

வெடிச்சத்தம் கேட்டுச் சென்றாயன் காட்டிலிருந்து ஓடி வந்தான். வீடெல்லாம் புகை. குண்டு பாய்ந்து தூளி கிழிந்து தொங்கியது. அவன் புகைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"பாப்பா எங்கடி?"

கண்ணாயி குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"பன்னி சாமையத்தானுங்க திங்கும். நீங்க ஒளிச்சு வச்சது நம்ம புள்ளயத் தின்னுருக்கும்."

நெருப்பை அணைத்த கையோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவன் மலையிறங்கினான். வழியில் பக்கத்துக் காட்டு அண்ணாமலை சிரித்தார்.

"என்ன மாப்ள, போலீசுக்குப் பயந்துட்டியா?"

"எம்புள்ளைக்குப் பயந்துட்டேனுங்க மாமா. ஊட்டுல இது இருந்தாத் தகிரியம்னு நெனச்சேன். ஒளிச்சு வச்ச துப்பாக்கிக்கு எதிரி யாரு, பெத்த புள்ள யாருன்னு தெரியாதுங்க. சட்டம் இத வேண்டாங்கறது நம்ம உசுருக்காகவுந்தான். பன்னிய நான் கண்ணு முழிச்சு வெரட்டிக்கறேன்."