மெத்தைக்குப் பின்னால் நின்று பாடியவன்

வீடு மாற்றுகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் மாடியிலிருந்து இறக்கும்போது போட்டுக் கேட்கிறார்களே, "நீ ஒரு படி இறங்கு, நான் ஒரு படி ஏறுறேன்" என்று ஒரு பாட்டு, அதை எழுதி, மெட்டுப்போட்டு, பாடியவன் நான்தான். சாமான் தூக்குவதற்காக எழுதிய பாட்டு இல்லை அது. என் அண்ணனை நினைத்து உருகி உருகி எழுதியது.

அண்ணன் பஸ் டிரைவர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். சாயங்காலமானால் கிதாரைத் தூக்கிக்கொண்டு கலைஞனாகிவிடுவேன். முதன்முதலாக ஒரு மேடை கிடைத்தபோது அண்ணனை முன்வரிசையில் உட்கார வைத்தேன். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தவன், இரண்டாவது பாட்டிலேயே குறட்டை விட ஆரம்பித்தான். என் பாட்டைவிட அது சுருதியோடு இருந்ததாக யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கலைஞனின் தன்மானம் சும்மா இருக்குமா? அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவனும் ரோஷக்காரன். வருஷங்கள் ஓடின. அண்ணியும் என் மனைவியும் மட்டும் போனில் பேசி, யார் வீட்டுக்காரர் பெரிய கிறுக்கு என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

போனை எடுத்து "எப்படிண்ணா இருக்கே" என்று கேட்டிருந்தால் முடிந்துபோகிற விஷயம். நான் அதற்கு ஒரு பல்லவியும் இரண்டு சரணமும் எழுதினேன்.

என் மச்சான் கல்யாண வீடியோ எடுப்பவன். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நான் கிதாரோடு மெல்ல மெல்ல ஏறுவதைப் படமெடுப்பதாக ஏற்பாடு. சோகத்துக்காக ஒரு வாரம் சவரம் செய்யாமல் இருந்தேன். கடைக்கு வந்தவர்கள் காய்ச்சலா என்று விசாரித்தார்கள்.

அன்றைக்கென்று லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. மூன்றாம் மாடி டீச்சரும் அன்றுதான் வீட்டைக் காலி செய்தார். அவரும் கணவருமாக இரட்டைக் கட்டில் மெத்தையை இறக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் வழி விடச் சொன்னார் டீச்சர். நான் கண்ணை மூடி உச்சக்கட்ட உணர்ச்சியில் இருந்தேன். பொறுங்கள் என்பதுபோல் கையைத் தூக்கினேன். வாருங்கள் என்று அழைப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். படி திரும்பும் இடத்தில் மெத்தை வளைந்து, என்னைச் சுவரோடு சேர்த்து அப்பியது.

முன்பே பதிவு செய்த பாட்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. காட்சி கெட்டுவிடக் கூடாதே என்று, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே பிதுங்கிய முகத்தோடு நான் வாயசைத்துக்கொண்டே இருந்தேன். "நீ ஒரு படி இறங்கு" என்ற வரி வரவும், மேலே நின்ற டீச்சர் கணவரைப் பார்த்து, "நீங்க ஒரு படி இறங்குங்களேன்" என்று சொல்லவும் சரியாக இருந்தது.

அதை வெட்டி எறியச் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை.

"மாமா, நீங்க நடிச்சதுலயே இது ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு," என்றான்.

டீச்சரிடம் சம்மதம் வாங்கி, பிறகு மறுபடி எடுத்த சோக வீடியோ, மெத்தை வீடியோ இரண்டையும் இணையத்தில் போட்டான். சோகமானதை நானும் என் மனைவியும் மாறி மாறிப் பார்த்தோம். மெத்தை வீடியோவை ஊரே பார்த்தது. கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டதும் முதல் வேலையாக என்னை உற்றுப் பார்த்து, "மெத்தைதானே நீங்க?" என்றார்.

அவர் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும். அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரிந்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

"மூச்சு முட்டலையாடா?" என்று கேட்டான் அண்ணன்.

"முட்டுச்சுண்ணா."

டிப்போவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினானாம். இவன் என் தம்பி என்று சொன்னானாம்.

"அந்தப் பாட்டு யாருக்குடா எழுதின?"

"உனக்குத்தாண்ணா."

ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான். நான் கண்ணைத் துடைக்க, பெரியவர் பதறிப்போய், கண்ணாடி அவ்வளவு மோசமாக இல்லை என்று ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பழைய கதையை யாரும் எடுக்கவில்லை. பாட்டை எதிரில் உட்கார்ந்து பாடச் சொல்லிக் கேட்டான் அண்ணன். பாடி முடித்து, பாராட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 'ஏறுறேன்'ல ஏன் அவ்வளவு இழுக்குற? நேரா சொல்லேன்," என்றான்.

அந்த இழுப்பில்தான் உயிரே இருக்கிறது என்று நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இழுக்காமல் அவனே ஒருமுறை பாடிக் காட்டினான். அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யோசிக்கிறேன் என்று கெத்தாகச் சொன்னேன்.

இப்போதெல்லாம் மேடையில் இழுக்காமல்தான் பாடுகிறேன். அது என் சொந்த யோசனை என்று எனக்கு வாசிக்கும் தபலாக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.